பிறந்தநாள் கேக் வேண்டாம் என்று மகள் சொல்லும்போது

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. மூத்த மகளின் முதல் பிறந்தநாளில் தொடங்கி, ஒவ்வோர் ஆண்டும் ஆனி மாதத்தில் ராகி மாவும் வெல்லமும் மாம்பழக் கூழும் சேர்த்து, குக்கரில் மணலைப் பரப்பி, தம் கையாலேயே அவர் கேக் செய்து வந்திருக்கிறார். தெருப் பிள்ளைகள் கூடுவார்கள், பாட்டு உண்டு, வந்திருக்கும் பெரியவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து மகளுக்கு ஒரு வாய் ஊட்டுவார்கள். 13 வயது நிறையப்போகும் அந்த மகள், "இந்த வருசம் கேக் வேணாம், யாரையும் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டாள். அவளுடைய 9 வயதுத் தம்பியோ, தன் பிறந்தநாளுக்கு வீட்டுக் கேக் கூடாது, கிருஷ்ணகிரி பேக்கரியில் போட்டோ கேக்தான் வாங்க வேண்டும் என்கிறான். நம் வழக்கமே இல்லாத ஒன்று நின்றுபோனால் நல்லதுதான் என்கிறார் மாமியார். பிள்ளை சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா, எப்போதும்போலச் செய் என்கிறார் கணவர். "நான் எங்கே குறை வைத்தேன், இனி என்ன செய்ய வேண்டும்?" என்று அந்தத் தாய் கேட்கிறார்.

சகோதரி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு மகளுடைய பிறந்தநாளில் அவள் முன்னால் கேக்கை வைக்காதீர்கள். ஆனால் கேக் செய்வதை விட்டுவிடவும் வேண்டாம். மகனுக்குப் பேக்கரிக் கேக்கையே வாங்கிக் கொடுங்கள். இவை ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றலாம். ஏன் முரணில்லை என்பதைத்தான் கீழே விளக்க முயல்கிறேன். தருமபுரியில் மனையியல் ஆசிரியையாக இருந்த காலத்தில், சமையலைப் பற்றிப் பேச வந்த தாய்மார்கள் கடைசியில் பிள்ளைகளைப் பற்றியே பேசிவிட்டுப் போனதை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்வியும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

சிறு பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக் என்பது தின்பண்டம் மட்டும் அன்று. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக்குலின் உல்லி என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவரும் 3 முதல் 5 வயது வரையிலான குழந்தைகளிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பிறந்தநாள் விழாவே நடக்காத ஒரு குழந்தைக்கு வயது கூடுமா, இரண்டு முறை விழா நடந்தால் வயது எவ்வளவு ஆகும் என்று கதைபோலச் சொல்லிக் கேட்டார்கள். கணிசமான குழந்தைகள், விழா நடந்தால்தான் வயது கூடும் என்று நம்பினார்கள். அதாவது அந்த வயதில் கேக்தான் குழந்தையை வளர்க்கிறது. உங்கள் மகள் மூன்று வயதில் உங்கள் ராகிக் கேக்கின் முன் நின்றபோது, அம்மா தன்னைப் பெரியவளாக்குகிறாள் என்று உண்மையாகவே நம்பியிருக்கக்கூடும். அந்த நம்பிக்கை ஆறேழு வயதுக்குள் தானாகவே உதிர்ந்துவிடும். அதன்பிறகு கேக்குக்கு அழகும் இனிப்பும் கூட்டமும் மிஞ்சுகின்றன. இன்னும் சில ஆண்டுகள் அந்த மூன்றே போதும். 12, 13 வயதில் அந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக மாறத் தொடங்குகின்றன.

முதலில் கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் மகள் விஷயத்தில் வேர் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 1967இல் டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், வளரிளம் பருவத்தினர் எந்நேரமும் ஒரு கற்பனைக் கூட்டத்தின் முன் நிற்பதாக உணர்கிறார்கள் என்று எழுதினார். முகத்தில் ஒரு பரு வந்தால் பள்ளி முழுவதும் அதையே பார்ப்பதாக நினைக்கும் மனநிலை அது. கற்பனைக் கூட்டமே அவ்வளவு கனமாக இருக்கும்போது, மெய்யான கூட்டத்தின் நடுவில் நின்று, எல்லாரும் தன்னையே பார்த்துப் பாடி முடிக்கும்வரை எந்தப் பக்கம் பார்ப்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பது அவளுக்கு எப்படி இருக்கும்? போதாக்குறைக்கு இப்போது அந்தக் கூட்டம் வீட்டு வாசலோடு முடிவதில்லை. சித்தப்பாவின் கைப்பேசியில் எடுத்த வீடியோ அன்றிரவே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறி, அவளுடன் படிக்கும் பையனின் அம்மா வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது: சென்ற தையில் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழாவை மண்டபம் எடுத்துச் சிறப்பாக நடத்தியதாக எழுதியிருந்தீர்கள். நம் இரு மாவட்டங்களிலும் அந்த விழா எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சாலையோரம் பெண்ணின் படம் போட்ட பிளக்ஸ், தாய்மாமன் சீர்வரிசை, மேடையில் அலங்காரம், மணிக்கணக்கில் போட்டோ, ஊர் முழுக்கச் சாப்பாடு. உறவினர்களின் மகிழ்ச்சியிலும் தாய்மாமனின் பெருமையிலும் பொய்யில்லை. அந்த விழா வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. ஆனால் ஒரு பெண் குழந்தையின் பக்கமிருந்து பாருங்கள். தன் உடலில் நேர்ந்த, தனக்கே இன்னும் பழகாத ஒரு மாற்றத்தை ஊரே அறியும்படி அவளை மேடையில் உட்கார வைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் மீண்டும் புது உடை உடுத்தி, மீண்டும் நடுவில் நின்று, மீண்டும் எல்லார் கையாலும் ஊட்டிக்கொள்ள வேண்டும் என்றால் அவள் என்ன சொல்வாள்? "யாரையும் கூப்பிடாதீங்க" என்ற அவளுடைய இரண்டாவது வாக்கியத்தைத்தான் நான் அவளுடைய உண்மையான வேண்டுகோளாகப் படிக்கிறேன். கேக் அந்தக் கூட்டத்தின் அடையாளமாகிவிட்டதால் அதுவும் சேர்ந்து அடிபட்டுவிட்டது.

ஊட்டுவதைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வரிசையாக ஒவ்வொருவரும் வாயில் ஊட்டுவதும், கன்னத்தில் கிரீமைப் பூசுவதும், தோளைப் பிடித்து நிறுத்திப் படம் எடுப்பதும் சிறு குழந்தைக்கு விளையாட்டு; 13 வயதுப் பெண்ணுக்கு அது பிறர் தன்னைத் தொடுவது. பெரும்பாலான வீடுகளில் இதற்கு மேல் ஒன்றும் இருக்காது. இருந்தாலும், வருகிறவர்களில் குறிப்பிட்ட யாராவது ஒருவர் தொடுவது அவளுக்குப் பிடிக்காமல் இருக்கிறதா என்பதைத் தனியாக, பதற்றமில்லாமல், ஒரு முறை கேட்டுவிடுங்கள். அப்படி ஏதேனும் இருந்தால் அவள் சொல்வதை உடனே நம்புங்கள். உதவி தேவைப்பட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கமன்று. பிள்ளை ஒரு கூட்டத்துக்கு வர மறுக்கும்போது, அதற்கான காரணங்களில் ஒன்றாக இதையும் எண்ணிப் பார்ப்பது பெற்றோரின் கடமை என்பதால்தான் சொல்கிறேன்.

இனிப்பு மாறுவதற்கு உடலிலேயே காரணம் இருக்கிறது. குழந்தைகள் பெரியவர்களைவிட மிகுதியான இனிப்பை விரும்புவது உணவு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான செய்தி. டெசார், போஷாம்ப் என்ற இரு ஆய்வாளர்கள் 11 முதல் 15 வயதில் சோதித்த அதே ஆட்களை 19 முதல் 25 வயதில் மீண்டும் சோதித்து, இனிப்பின் மீதான விருப்பம் இடைப்பட்ட காலத்தில் குறைந்துவிட்டதை 1987இல் வெளியிட்டார்கள். பின்னர் வந்த ஓர் ஆய்வு, இந்தக் குறைவு எலும்பு வளர்ச்சி மெதுவாவதோடு சேர்ந்து நிகழ்வதைக் காட்டியது. நேற்றுவரை வெல்லப்பாகை விரலால் வழித்துத் தின்ற பிள்ளை இன்று நிப்பட்டும் காரப்பொரியும் தேடினால், அது உங்கள் கைப்பக்குவத்தைப் பற்றிய தீர்ப்பாகாது.

சமையல் ஆசிரியை என்ற முறையில், நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். "சாப்பிட்டால் நரநரவென்று இருக்கிறது" என்று மகள் இரண்டு ஆண்டுகளாகவே சொல்லி வந்ததாக எழுதியிருந்தீர்கள். அவள் சொன்னது சரியாகவே இருக்கும். ராகியில் குளூட்டன் என்ற புரதம் இல்லை. கோதுமையில் அதுதான் காற்றுக் குமிழிகளைப் பிடித்து நிறுத்தி கேக்கை மென்மையாக்குகிறது. ராகி பாதிக்கு மேல் போனால் கேக் உதிரியாகவும் கனமாகவும்தான் வரும். மூன்றில் ஒரு பங்கு ராகியும் மீதி கோதுமை மாவும் எடுத்து, இரண்டையும் சேர்த்து இரண்டு மூன்று முறை சலித்து, கலவையை ஊற்றுவதற்கு முன் அரை மணி நேரம் ஊறவிட்டு, ஆப்ப சோடாவைக் கடைசியில் கலந்தால் நரநரப்பு வெகுவாகக் குறையும். வெல்லத்துக்கும் மாம்பழக் கூழுக்கும் புளிப்புத்தன்மை இருப்பதால் ஆப்ப சோடா அவற்றோடு நன்றாகவே வினைபுரியும். அளவு மிஞ்சினால் சவர்க்காரச் சுவையும் கருநிறமும் வந்துவிடும். செந்தூராவைவிடப் பெங்களூரா மாம்பழத்தின் கூழ் புளிப்பும் சதைப்பற்றும் உள்ளது என்பதால் கேக்குக்கு ஏற்றது. உங்கள் ஊரைச் சுற்றியுள்ள கூழ் ஆலைகள் முக்கியமாக அந்த மாம்பழத்தைத்தான் வாங்குகின்றன என்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இந்தத் திருத்தத்தைச் செய்து, "இப்போது நன்றாக இருக்கிறதே, சாப்பிடு" என்று இந்த ஆண்டே மகளிடம் நீட்டாதீர்கள். சுவையைச் சரிசெய்தால் மறுப்பு தீர்ந்துவிடும் என்று நாம் நினைத்துவிட்டால், அவள் சொன்ன மற்றதைக் கேட்காதவர்கள் ஆகிவிடுவோம்.

மகனின் விஷயம் இதற்கு நேர் எதிர்த்திசையில் ஓடுகிறது. அவனுக்குக் கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டத்தில் தானும் மற்றவர்களைப் போல இருக்க வேண்டும். வகுப்பில் அத்தனை பேரும் தங்கள் படமோ பிடித்த கிரிக்கெட் வீரரின் படமோ போட்ட கேக்கை வெட்டும்போது, தன் வீட்டில் மட்டும் அலுமினியப் பாத்திரத்தின் வடிவத்தில் பழுப்பு நிறக் கேக் வருவது அந்த வயதுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். பெங்களூரை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குழந்தைகளுக்குப் பேக்கரி என்பது நெடுங்காலப் பழக்கமும் கூட. ஹாசன் பகுதியிலிருந்து பெங்களூருக்கு வந்து அய்யங்கார்கள் தொடங்கிய முட்டையில்லாப் பேக்கரிகளின் வழி, எல்லையைத் தாண்டி நம் ஊர்ச் சாலைகளிலும் அதே பெயர்ப்பலகைகளாகப் பரவி, தேன் கேக்கும் தேங்காய் பன்னும் இங்கே எல்லாருக்கும் தெரிந்த பண்டங்களாகிவிட்டன. அரைக் கிலோ போட்டோ கேக் ஒன்றை அவனுக்கு வாங்கிக் கொடுப்பதால் உங்கள் கை தோற்றுப்போகாது. நான் பார்த்தவரை, கேட்டது இரண்டு மூன்று முறை கிடைத்துவிட்டால் அந்த வேகம் தணிந்துவிடுகிறது. கிடைக்காமலே போனால் அது ஆண்டாண்டுகளுக்கு மனத்தில் நிற்கிறது.

அவனிடம் இரண்டு விஷயங்களில் மட்டும் உறுதியாக இருங்கள். கடைக் கேக்கின் மேலுள்ள வெள்ளைக் கிரீம் பெரும்பாலும் பாலேடு அன்று, செம்பனைக் கொட்டை எண்ணெயைக் கெட்டியாக்கிச் செய்தது. நாக்கில் மெழுகுபோல ஒட்டுவது அதனால்தான். எண்ணெய், கொழுப்புப் பொருட்களில் இதயத்துக்குக் கேடு செய்யும் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருந்தாலும், அந்தக் கிரீமைக் குறைத்துக்கொள்வது நல்லது. ஆர்டர் கொடுக்கும்போதே மெல்லிய அடுக்காகப் போடச் சொல்லலாம். அடுத்தது, நுரை ஸ்பிரே. அந்தக் குப்பிகளில் நுரையைத் தள்ளுவதற்கு அடைக்கப்படும் வாயு பெரும்பாலும் எளிதில் தீப்பற்றக்கூடியது. மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும்போது அதை அடித்தால் குழந்தையின் முகத்திலும் தலைமுடியிலும் நொடியில் தீப்பிடித்துக்கொள்ளும். இந்த ஒன்றில் எந்தச் சமரசமும் வேண்டாம்.

உங்கள் மாமியாரைப் பற்றி நீங்கள் சற்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வதில் ஒரு பாதி நியாயமானது. எரிகிற சுடரை வாயால் ஊதி அணைக்கக் கூடாது, விளக்கை மலையேற்றத்தான் வேண்டும் என்று வளர்ந்த தலைமுறை அது. பேத்தி பிறந்த நாளன்றே சுடரை ஊதி அணைப்பதைப் பார்த்து அவர் மனம் கலங்கியிருந்தால் அதை மூடத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. தூய்மையை வைத்துப் பார்த்தாலும் அவர் பக்கமே வலுவாக இருக்கிறது. அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் செய்து 2017இல் வெளியான ஒரு சோதனையில், மெழுகுவர்த்தியை ஊதியபின் கேக்கின் மேல்பூச்சிலிருந்த பாக்டீரியாவின் அளவு, ஊதாததைவிட ஏறத்தாழ 1,400 விழுக்காடு கூடுதலாக இருந்தது. வழக்கமாக அதனால் நோய் வந்துவிடுவதில்லை. சளி, இருமல் உள்ள பிள்ளை ஊதினால் யோசிக்க வேண்டியதுதான். மகனின் விழாவில் மெழுகுவர்த்திக்குப் பதிலாகப் பாட்டியே குத்துவிளக்கு ஏற்றட்டும். ஊதுவது இல்லையென்றாகிவிட்டால் அவரும் அந்தக் கூட்டத்தில் மனம் ஒப்பி நிற்பார்.

"நம் வழக்கமே இல்லை" என்ற மறுபாதியை மட்டும் நான் ஏற்கவில்லை. வயதின் எண்ணிக்கைக்கேற்ப மெழுகுவர்த்தி வைத்துக் குழந்தைக்குக் கேக் வெட்டும் பழக்கம் 18ஆம் நூற்றாண்டு ஜெர்மனியிலிருந்து வந்தது என்பதும், 1883இல் தலச்சேரியில் மம்பள்ளி பாபு செய்த கிறிஸ்துமஸ் கேக்கைத்தான் இந்தியாவின் முதல் கேக் என்று சொல்கிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் வந்த பொருள் எதுவும் நமதாகாது என்றால், நம் மாவட்டத்தில் கரும்பும் நிற்காது. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமானின் முன்னோர் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் புறநானூற்றின் 99ஆம் பாட்டில் பாடியிருக்கிறார். வெளியிலிருந்து வந்த இனிப்பைக் கொண்டுவந்தவரின் பெருமையாகப் பாடிய ஊர் இது. ராகியும் வெல்லமும் மாம்பழமும் சேர்ந்த உங்கள் கேக், எந்த ஜெர்மானிய வீட்டிலும் இல்லாதது. ஒரு வீட்டில் ஒரு பிள்ளையின் வாழ்நாள் அளவுக்கு நடந்த ஒன்று அந்த வீட்டின் வழக்கம்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிப்பது உதவும். 1984இல் ஸ்டீவன் வோலின், லிண்டா பென்னட் என்ற இருவர் குடும்பச் சடங்குகளை மூன்றாகப் பிரித்தார்கள்: பொங்கல், திருமணம்போலச் சமூகம் முழுவதும் கொண்டாடுபவை, பிறந்தநாள்போல அந்தந்தக் குடும்பம் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்பவை, இரவுச் சாப்பாடுபோல அன்றாடம் நடப்பவை. முதல் வகையை ஒருவர் மறுத்தால் அவர் சமூகத்தோடு முரண்படுகிறார், குடும்பத்துக்கு வலி குறைவு. இரண்டாம் வகையை மறுத்தால் அதை உருவாக்கியவரின் நெஞ்சில் நேராகப் படுகிறது, ஏனென்றால் அதன் பின்னால் ஊரும் இல்லை, சாத்திரமும் இல்லை, ஒரு தாயின் கை மட்டுமே இருக்கிறது. உங்களுக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதே காரணத்தால்தான் இதை மாற்றவும் முடியும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் வளர்ச்சிக்கு ஏற்ப வழக்கங்களை மாற்றிக்கொள்ளும் குடும்பங்களில்தான் அவை பொருளுள்ளவையாக நீடிக்கின்றன என்று அந்த ஆய்வாளர்களும் சொன்னார்கள்.

எப்படி மாற்றுவது என்று கேட்டால், அந்த நாள் யாருடையது என்பதிலிருந்து தொடங்கச் சொல்வேன். பிறந்தநாளுக்கு இரண்டு உரிமையாளர்கள் உண்டு. பிறந்தவள் ஒருத்தி, பெற்றவள் ஒருத்தி. 13 ஆண்டுகளுக்கு முன் ஆனி மாதத்து ஓர் இரவில் நீங்கள் பட்ட வலி, முதன்முதலில் அவள் முகத்தைப் பார்த்தது, இவையெல்லாம் உங்கள் நினைவில்தான் இருக்கின்றன. அவளுக்கு அதில் ஒரு துளியும் நினைவில்லை. குழந்தை சிறியதாக இருக்கும்வரை இரண்டு பேரின் நாளும் ஒரே கேக்கில் அடங்கிவிடும். அவள் வளரும்போது, தன் பங்கைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளக் கேட்கிறாள். உங்கள் பங்கையும் சேர்த்து அவள் தோளில் ஏற்றி, "எனக்காக ஒரே ஒரு துண்டு வெட்டு" என்று சொன்னால், உங்கள் மகிழ்ச்சிக்கு அவள் பொறுப்பாளியாகிவிடுகிறாள். அது 13 வயதுக்கு மிகுந்த பாரம்.

நல்லவேளையாக நம் வழக்கத்தில் பிறந்தநாளுக்கு இரண்டு நாட்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆங்கிலத் தேதி ஒன்று. ஆனி மாதத்தில் அவளுடைய நட்சத்திரம் வரும் நாள் ஒன்று. பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டும் வெவ்வேறு நாட்களில்தான் விழும். தேதியை மகளிடம் முழுவதுமாகக் கொடுத்துவிடுங்கள். அன்று அவள் ஒன்றுமே வேண்டாம் என்றாலும் சரி, இரண்டு தோழிகளோடு கே.ஆர்.பி. அணைப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்றாலும் சரி. நட்சத்திர நாள் உங்களுடையதாகவும் பாட்டியுடையதாகவும் இருக்கட்டும். பாட்டி கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வரட்டும், நீங்கள் உங்கள் கேக்கைச் சிறிய பாத்திரத்தில் செய்து, பாட்டும் மெழுகுவர்த்தியும் படமும் இல்லாமல், மாலைப் பலகாரமாக அடுக்களையில் வைத்துவிடுங்கள். அவள் எடுத்தால் எடுக்கட்டும்; எடுக்காவிட்டால் "ஏன்?" என்று கேட்காதீர்கள்.

இதை அவளிடம் பேச ஒரு நேரம் பார்க்க வேண்டும். பிறந்தநாளுக்கு முந்தின நாளும் கூடாது, பாட்டியின் முன்னிலையும் கூடாது. வளரிளம் பிள்ளைகள் முகத்துக்கு முகம் உட்கார வைத்துக் கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போதோ, டியூஷனுக்கு வண்டியில் கூட்டிப் போகும்போதோ கேட்டால் பதில் வரும். "என்ன வேணும்?" என்று கேட்டால் "ஒண்ணும் வேணாம்" என்று முடிந்துவிடும் என்பதால், "போன வருசம் நடந்ததுல உனக்கு எது எது புடிக்கல, சொல்லு கண்ணு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்று தொடங்கிப் பாருங்கள். அவள் சொல்லச் சொல்ல மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது கடினம், அதிலும் "உன் கேக் எனக்குப் பிடிக்காது" என்ற சொல் வந்தால் மிகவும் கடினம். அப்படி வந்தால், அன்றே பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை.

பிடிக்காதவற்றையெல்லாம் கழித்தபிறகு ஏதாவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள். சில வீடுகளில் பிள்ளை கேக்கை வெறுத்தாலும், விடியற்காலையில் அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவது வேண்டும் என்று சொல்லும். இன்னும் சில வீடுகளில் அப்பாவோடு தனியாகப் போய்ப் பரோட்டா சாப்பிடுவது மட்டும் வேண்டும் என்று சொல்லும். மிஞ்சுவது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதை அவள் கையில் ஒப்படையுங்கள். கேத்லீன் வோஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட சோதனைகளில், உண்பதற்கு முன் ஒரு சிறு சடங்கைத் தாங்களே செய்தவர்களுக்கு அந்த உணவு கூடுதலாகச் சுவைத்தது. இன்னொருவர் சடங்கு செய்வதை வேடிக்கை பார்த்தவர்களுக்கு அந்தப் பயன் இல்லை. உங்கள் வீட்டில் இத்தனை ஆண்டுகளாகச் சலித்தவர், கலந்தவர், குக்கரைத் திறந்து பார்த்தவர் எல்லாம் நீங்கள். மகள் செய்தது கத்தியைப் பிடித்தது ஒன்றுதான். அதுவும் மற்றவர்கள் கையைப் பிடித்து நடத்த. அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ அவளாகவே அடுக்களைக்கு வந்து எதையாவது செய்துபார்க்க விரும்பினால், அது கேக்காக இல்லாமல் நூடுல்ஸாக இருந்தாலும், அடுப்பை விட்டுக் கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே உட்காருங்கள்.

கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். இந்த ஆண்டு கட்டாயப்படுத்தினால் அவள் வெட்டிவிடுவாள்; 13 வயதுப் பெண் தகப்பனுக்கு முன்னால் அவ்வளவு தூரம் எதிர்த்து நிற்க மாட்டாள். ஆனால் தான் தெளிவாகச் சொன்ன ஒரு "வேணாம்" வீட்டில் எடுபடவில்லை என்பதையும் அவள் அன்றே கற்றுக்கொள்வாள். இன்னும் ஐந்தாறு ஆண்டுகளில் கல்லூரிக்கும் வேலைக்கும் வெளியே போகப்போகிற பெண், வேண்டாததை வேண்டாம் என்று சொல்லவும், சொன்னது மதிக்கப்படும் என்று நம்பவும் முதலில் பழக வேண்டிய இடம் தன் வீடு. ஒரு கேக்கைவிட அது பெரிது என்பதை அவரும் ஒப்புக்கொள்வார் என்று நம்புகிறேன்.

நீங்கள் குறை வைத்தீர்களா என்ற கேள்விக்கு: இல்லை. கேக் வேண்டாம் என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் அந்தப் பெண்ணுக்கு உங்கள் வீட்டில்தான் கிடைத்திருக்கிறது. அம்மாவின் மனம் நோகும் என்று பயந்து வாயே திறக்காமல், வேண்டாத துண்டை விழுங்கிவிட்டுப் போகும் பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். பிற்காலத்தில் அவள் உங்கள் கேக்கைத் தேடி வருவாளா என்று கேட்காதீர்கள். சிலர் வருவார்கள், தங்கள் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குச் செய்முறை கேட்டுத் தொலைபேசியில் அழைப்பார்கள். சிலர் வரவே மாட்டார்கள். அந்த எதிர்பார்ப்பை வைத்துக்கொண்டு இப்போது விட்டுக்கொடுத்தால், அந்த விட்டுக்கொடுப்பிலும் ஒரு கடன் ஒட்டிக்கொள்ளும்.

தெருப் பிள்ளைகளின் விஷயம் மிச்சமிருக்கிறது. ஆனி வந்தால் உங்கள் வாசலில் கேக் கிடைக்கும் என்று பழகிய அந்தச் சின்னவர்கள் இந்த ஆண்டும் எட்டிப் பார்ப்பார்கள். அக்கா பிறந்தநாளா என்று அவளிடமே கேட்பார்கள், அது அவளை மீண்டும் நடுவில் நிறுத்திவிடும். அதனால் அவளுடைய தேதிக்கு முன்பாகவே, மாம்பழம் மலிவாகக் கிடைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், பிறந்தநாள் என்ற பேச்சே எடுக்காமல், பெரிய பாத்திரத்தில் ஒரு கேக் செய்து அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். நான் மேலே சொன்ன அளவில் மூன்றில் ஒரு பங்கு ராகி போட்டுப் பார்க்க அதுவே சரியான சந்தர்ப்பம். நான்கைந்து வயதுப் பிள்ளைகள் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள்.